எழிலரசனின் தாடியில் ஒரு துகள்

கவிநிலாவின் குடுவையில் தேன் இருந்தது. நக்கிப் பார்க்க முடியாத தேன். மூன்று வாரமாக அது மஞ்சளாக, பிசுபிசுவென்று, அவளுக்கு இருந்த அவசரம் கொஞ்சமும் இல்லாமல் குடுவையின் அடியில் குந்தியிருந்தது.

அது வெள்ளைப் படிகமாக உறைந்திருக்க வேண்டும். மருந்து வேதியியல் முதுகலையின் கடைசி செமஸ்டரில் அவள் செய்த மூலக்கூறு அது. காசநோய்க் கிருமியின் மேல் வேலை செய்கிறதா என்று சென்னையில் சோதித்துப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பார்சல் கிளம்பும். தூளாக இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த பார்சல் ஆறு மாதம் கழித்து. அதற்குள் படிப்பே முடிந்துவிடும். மூலக்குளத்தில் அவள் அப்பா கலியபெருமாளோ பால்காரர் வரைக்கும் சொல்லிவைத்திருந்தார்: "எம்பொண்ணு டிபிக்கு மருந்து கண்டுபுடிக்குது."

அன்று வியாழன்.

ஐஸில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உள்சுவரைச் சுரண்டினாள். திட்டினாள். கொஞ்சினாள். தேன் தேனாகவே இருந்தது.

"வித்து போடணும்மா," என்றார் பேராசிரியை நிர்மலாதேவி. "இதே ஜாதிப் படிகம் ஒரு துகள் விழுந்தா போதும், அதைப் பாத்து மத்ததெல்லாம் வரிசையில நின்னுடும். உன் கிளாஸ் எழிலரசன் செஞ்சது இதுக்கு அக்கா மாதிரிதானே? அவன்கிட்ட கேளு."

"மொத்தத்தையும் போன வாரமே அனுப்பிட்டான் மேடம். பாட்டிலைக்கூடக் கழுவிட்டான். லேப் கோட்டும் சலவைக்குப் போயிடுச்சி."

மேடம் யோசித்தார். "நாங்க படிக்கிறப்போ தாடி வெச்ச ஆளைக் கூப்புட்டு, குடுவை மேல உதறச் சொல்லுவோம். லேப்ல பறக்குற தூளெல்லாம் அதுலதான் தங்கும். சிரிக்காத. சில சமயம் பலிச்சிருக்கு."

கவிநிலா சிரிக்கவில்லை. எழிலரசன் அந்தப் பொருளை அரைத்த நாட்களில் அவன் தாடி முழுக்க வெள்ளை பூத்திருந்ததைப் பார்த்தவள் அவள். சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. திங்கட்கிழமை கேன்டீனில், வகுப்பே கேட்க, "இது தாடியா, தேங்கா நாரா? பாத்திரம் தேய்க்கக் குடேன்," என்று சொன்னவளும் அவள்தான். அன்றிலிருந்து அவன் அவளிடம் பேசவில்லை.

கெஞ்சுவதற்கான வார்த்தைகளை அவள் மனதில் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு எழிலரசன் உள்ளே வந்தான். முகம் உரித்த முட்டை மாதிரி இருந்தது.

"தாடி எங்கடா?" என்று அலறினாள்.

"இன்னா, இப்ப மூஞ்சியும் புடிக்கலையா?"

"தாடி எங்க?"

"உப்பளம் பஸ் ஸ்டாப் சலூன்ல. இப்பதான் எடுத்துட்டு வரேன்."

அவள் ஸ்கூட்டர் சாவியையும் ஒரு சின்ன பாட்டிலையும் இடுக்கியையும் எடுத்தாள். "வண்டியில ஏறு. பெருக்கித் தள்ளிடப் போறாங்க."

வழியில் விஷயத்தைச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "தாடிக்கு ஷாம்பு போடுவியா?"

"சத்தியமா இல்ல."

"உன் சோம்பேறித்தனம் இன்னிக்குதான் எனக்குப் புடிச்சிருக்கு."

அவர்கள் போய் நின்றபோது சலூன்காரர் இராமதாஸ் கையில் துடைப்பம் இருந்தது.

"அண்ணே, நிறுத்துங்க!" கவிநிலா நாற்காலிக்குக் கீழே மண்டியிட்டாள். "இவன் தாடி எது?"

இராமதாஸ் துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "யம்மா, வசியம் கிசியம்லாம் இங்க வெச்சுக்காத. இருவத்தஞ்சி வருசமா கடை நடத்துறேன்."

"வசியம் இல்லண்ணே, கெமிஸ்ட்ரி."

"பேரு எதுவா இருந்தா இன்னா? ஏய், அதைத் தொடாத! அது சொல்தா தாத்தா மீசை. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்குறவரு. பாவம், அவரை விட்டுடு."

கறுப்பாகச் சுருண்டு கிடந்த குவியலை எழிலரசனே காட்டிக்கொடுத்தான். இடுக்கியால் ஒவ்வொரு இழையாக அவள் பாட்டிலில் போடுவதைப் பார்த்து இராமதாஸ் அவன் காதருகே குனிந்தார். "தம்பி, உன் கண்ணு முன்னாடியே எடுக்குது. நீயும் எடுத்துக் குடுக்குற. உனக்கு ஏற்கெனவே வெச்சிட்டாங்கப்பா."

திரும்பும்போது சிக்னலில் வண்டி நின்றது. கண்ணாடியில் அவன் மொழுமொழு தாடை தெரிந்தது. ஓரிடத்தில் கத்தி கீறிய சிவப்பு.

"ஏன்டா எடுத்த?"

"நீதான நாருன்னு சொன்ன."

"அதுக்காகவா?"

"வேற எதுக்கு?"

தன் வித்தைத் தன் வாயாலேயே பெருக்கித் தள்ளியிருக்கிறோம் என்று கவிநிலாவுக்கு உறைத்தது. பச்சை விழுந்தும் அவள் நகராததால் பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஒலியெழுப்பினார்.

லேபில், முடிக் கொத்தை இடுக்கியில் பிடித்துக் குடுவையின் வாய்க்கு மேல் தட்டினாள். கண்ணுக்குத் தெரிந்து எதுவும் விழவில்லை. அரை மணி நேரம் போயிற்று.

"சொல்தா மீசையையும் கொண்டாரட்டா?" என்றான்.

"வாயை மூடு."

குடுவையை மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலை ஏழரைக்கு அவள் வந்தபோது எழிலரசன் ஏற்கெனவே குளிர்பெட்டி முன் நின்றிருந்தான். திறக்காமல் நின்றிருந்தான். அவள்தான் திறந்தாள். குடுவைக்குள் ஒரு புள்ளியிலிருந்து வெள்ளை ஊசிகள் நாலா பக்கமும் கிளம்பி, தேனையெல்லாம் தின்று தீர்த்திருந்தன. கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. அவள் போட்ட கூச்சலில் காவலாளி எட்டிப் பார்த்தார்.

வடிகட்டி, கழுவி, உலர்த்தி, உருகுநிலை பார்த்து முடித்தபோது மணி ஒன்பதே முக்கால். பார்சல் பத்துக்குக் கிளம்பியது, அவள் பெயரோடு.

குறிப்பேட்டில் கையெழுத்துப் போட வந்த நிர்மலாதேவி பேனாவை நிறுத்தினார். "வித்து எங்கிருந்து வந்துச்சின்னு எழுதலையே? நாளைக்கு வேற ஒருத்தர் இதைச் செஞ்சு பாக்க வேணாமா?"

கவிநிலா எழுதினாள்: 'வித்து: எழிலரசனின் தாடி, உப்பளம்.'

மேடம் ஒருமுறைக்கு இருமுறை படித்தார். முகம் மாறாமல் கையெழுத்திட்டார். "இன்னொரு தடவையும் செஞ்சு காட்டணும்." சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போன பிறகுதான் அவர் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கவிநிலா எழிலரசன் பக்கம் திரும்பினாள். "திரும்ப வளர எத்தனை நாளாகும்?"

"தேங்கா நார் அளவுக்கா? மூணு மாசம்."

"வளத்துடு."

அவன் ஈரம் காயாத வெள்ளைத் தூள் ஒட்டியிருந்த வடிதாளைக் காட்டினான். "இப்பதான் உங்கிட்டயே வித்து இருக்கே. இனிமே தாடி எதுக்கு?"

கவிநிலா குடுவையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். தண்ணீரைத் தேவைக்கு மேல் திறந்துவிட்டாள்.

"இன்னா, எல்லாத்துக்கும் நோட்ல காரணம் எழுதணுமா? வளருடான்னா வளரு."