குரூப் மாற்றக் கடைசி நாள்

மரத்தடியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் தலையாட்டினார்கள். அதுதான் தெய்வநாயகிக்குப் பிடிக்கவில்லை.

தொண்டை வறளப் பேசியிருந்தாள். காலேஜில் இருந்த பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்துவிட்டது, இனி இரண்டு வருஷமும் இதே பள்ளிக்கூடத்தில்தான். கணக்குப் பாடம் எடுக்காவிட்டால் இன்ஜினீயரிங் கிடையாது, உயிரியல் இல்லாவிட்டால் டாக்டர் படிப்பு கிடையாது, காமர்ஸ் குரூப்பில் சேர்ந்துவிட்டுப் பிறகு பி.எஸ்ஸி. கேட்டால் கிடைக்காது. குரூப் மாற்ற விரும்புகிறவர்கள் இந்த மாசக் கடைசிக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

"யாருக்காவது சந்தேகம் இருக்காம்மா?"

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மணி அடித்ததும் பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ரோட்டோரத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பதினோராம் வகுப்பு புதிது. தலைமையாசிரியர் சென்னிமலைக்கே குழப்பம்தான். "நீங்க கணக்கு டீச்சர், வயசும் சின்னது. பிள்ளைங்களுக்கு நீங்களே எடுத்துச் சொல்லிடுங்க" என்று அந்த வேலையைத் தெய்வநாயகி தலையில் கட்டியிருந்தார். அவள் தினமும் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து பஸ் மாறி வருகிறவள். ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் அது முடிகிற வரைக்கும் சோறு இறங்காது.

மறுநாள் சயின்ஸ் குரூப்பில் பாடம் நடத்தப் போனவள் பாதியில் நின்றாள். வசந்தாமணியைக் காணோம். பத்தாவதில் கணக்கில் பள்ளியிலேயே முதல் மார்க் அவள்தான். சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் ஏன் கொதிக்கிறது, சோப்பு ஏன் நுரைக்கிறது என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தவள். விசாரித்தால் காமர்ஸில் சேர்ந்திருக்கிறாளாம். அவளோடு சேர்த்து வேலம்புதூர்ப் பக்கமிருந்து வரும் நான்கு பெண்களும் அங்கேதான்.

இடைவேளையில் அவளைப் பிடித்தாள். "ஏம்மா, உனக்கு சயின்ஸ்தானே இஷ்டம்?"

"சும்மாதாங்க டீச்சர்."

"சும்மான்னா?"

"இதுவே போதுங்க." கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு நழுவிவிட்டாள்.

தெய்வநாயகிக்கு இருப்புக்கொள்ளவில்லை. தான் சொன்னது புரியவில்லையா, புரிந்தும் இப்படிச் செய்கிறார்களா? ஆசிரியர் அறையில் உட்கார்வாள், எழுவாள், ஜன்னலுக்குப் போவாள். நான்கு மணிக்கு மணி அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அந்த நான்கு பெண்களும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். சயின்ஸ் பிள்ளைகளோ அப்போதுதான் வேதியியல் செய்முறைக்கு ஆய்வறைக்குள் நுழைந்தார்கள். அது முடிய ஐந்தேகால் ஆகும்.

அவளும் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். புறப்பட்டுவிட்ட பஸ்ஸைக் கண்டக்டர் விசிலடித்து நிறுத்தினார்.

"டீச்சர், சேலம் பஸ் எதுத்தாப்ல நிக்கோணுமுங்க" என்றாள் பொன்னாயி. நால்வரில் அவள்தான் வாயாடி.

"தெரியும். இதை விட்டா அடுத்த பஸ் எப்போ?"

"ஆறரைக்குத்தானுங்க. அதுவும் சில நாளைக்கு வராது."

வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள். தெய்வநாயகி வேலம்புதூருக்கு டிக்கெட் எடுத்தாள்.

வேலம்புதூரில் இறங்கிக் குச்சிக்கிழங்குக் காட்டு வழியாக நடந்தால் வசந்தாமணியின் வீடு. அவள் அப்பா மருதாசலம் மோட்டார் ரூமுக்கு வெளியே கரண்டுக்காகக் காத்திருந்தார். டீச்சரைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார்.

"வாங்க டீச்சர். புள்ள ஏதாச்சும் தப்புத்தண்டா பண்ணிடுச்சுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. நல்லாப் படிக்கிற பொண்ணு. சயின்ஸ் படிக்கட்டும்னு சொல்லத்தான் வந்தேன்."

மருதாசலம் மகளைப் பார்த்தார். பிறகு காட்டைப் பார்த்தார். "படிக்க வேண்டாம்னா சொல்றேன்? பொழுது உழுந்தப்பறம் ரோட்டுல எறங்கி, இம்புட்டுத் தூரம் இருட்டுல நடந்து வாரது வேண்டாம்னுதானுங்க சொல்றேன். எந்தப் படிப்பா இருந்தாலும் நாலேகால் பஸ்ஸுக்கு ஊடு வந்து சேரோணும். அம்புட்டுத்தான்."

தெய்வநாயகி ஏதேதோ சொன்னாள். காலேஜ் என்றாள், வேலை என்றாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், தலையும் ஆட்டினார். மரத்தடியில் பார்த்த அதே தலையாட்டல். வசந்தாமணி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். மருதாசலம் ரோடு வரைக்கும் துணைக்கு வந்தார்.

திரும்பும் பஸ் வரவில்லை. இருட்டத் தொடங்கியது. ரோட்டில் ஒரு விளக்கும் கிடையாது. லாரி ஒன்று வேகத்தைக் குறைத்தது. அதில் வந்தவர்கள் எட்டிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். தெய்வநாயகி தன்னை அறியாமல் மருதாசலத்தின் பக்கம் நகர்ந்து நின்றாள்.

"நீங்களே பாருங்க டீச்சர்" என்றார் அவர். 

பஸ் வந்து ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மரத்தடியில் இன்ஜினீயரிங், டாக்டர் என்று எவ்வளவு பேசினோம்! இந்த ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசினோமா?

காலையில் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். செய்முறையை மத்தியானத்துக்கு மாற்றுங்கள் என்றாள். சென்னிமலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டைம் டேபிள் போட்டாச்சு டீச்சர். நாலு பொண்ணுங்களுக்காக எல்லாத்தையும் புரட்டச் சொல்றீங்களா? எதுக்கும் சின்னராஜ் சாரைக் கேளுங்க."

வேதியியல் ஆசிரியர் சின்னராஜ் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே சொன்னார்: "சாப்பிட்ட கையோட ஆசிட் வாடை பிடிக்கச் சொல்றீங்க. அது போகட்டும். மத்தியானம் முதல் ரெண்டு பீரியடும் உங்களோட கணக்குதானே? அதைக் கொண்டுபோய் நாலு மணிக்கு மேல போட்டா, அப்பவும் அந்தப் பிள்ளைங்க பஸ்ஸைத்தானே விடும்?"

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. எழுந்து வந்துவிட்டாள். இரண்டு நாள் அதே நினைப்பு. கரும்பலகையில் கூட்டலையே தப்பாகப் போட்டுப் பிள்ளைகள் திருத்தினார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் அவர் முன்னால் போய் நின்றாள்.

"கணக்கை நான் காலையில பள்ளிக்கூடம் தொடங்கறதுக்கு முன்னாடியே நடத்திக்கிறேன். வேலம்புதூர்ல இருந்து எட்டு மணிக்கு ஒரு பஸ் வருது, விசாரிச்சுட்டேன்."

"நீங்க சேலத்துல இருந்து எப்படி வருவீங்க?"

"முதல் பஸ்ஸைப் பிடிப்பேன்."

சின்னராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களோட பேசி ஜெயிக்க முடியாது. மாத்திக்குங்க" என்றார்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மருதாசலம் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். "நாலேகாலுக்குப் புள்ள பஸ்ஸுல இருக்குமுங்களா?" என்று இரண்டு தரம் கேட்டார். இருக்கும் என்று தெய்வநாயகி உறுதி சொன்ன பிறகு குரூப் மாற்ற விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். இன்னும் இரண்டு பெண்களின் வீட்டிலும் சம்மதித்தார்கள்.

பொன்னாயி மட்டும் அசையவில்லை.

"பஸ்தான் சரியாப்போச்சே, உனக்கு இன்னும் என்ன தடை?"

"தடை ஒண்ணுமில்லீங்க டீச்சர். எனக்கு இதுதான் புடிச்சிருக்குது. பேங்க் வேலைக்குப் போகோணும்னு ஆசை. அன்னைக்கு மரத்தடியில நீங்க காமர்சைப் பத்திப் பேசினதே, அதை எடுத்தா என்னென்ன கெடைக்காதுங்கறது மட்டுந்தானுங்க."

தெய்வநாயகிக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தாள்; உண்மைதான். "அப்போ அதுலயே இரும்மா" என்றாள்.

காலை வகுப்புகள் தொடங்கின. எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று அவள் நினைத்திருந்தபோது முதல் பரீட்சை வந்தது. இயற்பியலில் வசந்தாமணி நூற்றுக்குப் பதினொன்று. வேதியியலிலும் தேறவில்லை. தாமதமாகச் சேர்ந்ததால் முன்னால் நடந்த பாடம் எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரியவில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஆளில்லாத வராந்தாவில் வந்து நின்று பெருங்குரலில் அழுதாள். "நான் பாட்டுக்கு இருந்தேன். நீங்கதான் டீச்சர் மாத்தி உட்டீங்க. எங்கப்பா ஒரு வார்த்தை திட்டல, அதுதான் தாங்க முடியல. நான் காமர்சுக்கே போறனுங்க."

"கடைசி நாள் முடிஞ்சுபோச்சும்மா. இனி மாற முடியாது."

 மாற்றிவிட்டதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோமே என்று தெய்வநாயகி நினைத்தாள். "புரியலைன்னு ஏன் சொல்லல?"

"யாருகிட்டச் சொல்றதுங்க? எல்லாருக்கும் புரிஞ்ச மாதிரியே இருக்குது."

"எல்லாரும் தலையாட்டுவாங்க. நானும் அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். அழாதே, வா."

அன்றே சின்னராஜிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். இயற்பியலைத் தெய்வநாயகியே படித்துக்கொண்டு வந்து சொல்லிக்கொடுத்தாள். தெரியாத இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து முழித்தார்கள். நாளாக ஆக வேறு சில பிள்ளைகளும் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். புரிந்துவிட்டதாக இவ்வளவு நாள் நடித்தவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. அரைப்பரீட்சையில் வசந்தாமணி நாற்பது தாண்டினாள். முழுப்பரீட்சையில் அறுபதை எட்டினாள். பள்ளி முதல் மார்க் என்ற பேர் அவளுக்குத் திரும்பவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

கோடை விடுமுறைக்கு முந்தின நாள் அவள் வந்து கேட்டாள்: "டீச்சர், மேட்டூர்ல கெமிக்கல் கம்பெனியில பொம்பளைங்களைச் சோதனைக்கூட வேலைக்கு எடுக்கறாங்களாம். எங்க மாமா பார்த்திருக்காரு. அதுக்கு என்ன படிக்கோணுமுங்க? எத்தனை மார்க் வாங்கோணும்? எந்தக் காலேஜுல இருக்குது?"

தெய்வநாயகி மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாதும்மா. கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

சனிக்கிழமை வெயில் ஏறும் முன்பே சேலத்தில் ஒரு காலேஜ் ஆபீஸ் முன்னால் வரிசையில் நின்றாள். முன்னாலும் பின்னாலும் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்த அப்பாக்கள். வரிசை நகரவே இல்லை. எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "உங்க பொண்ணுக்குங்களா? என்ன கேக்கணும்?"

"நிறைய இருக்குங்க" என்றாள் தெய்வநாயகி. "முதல்ல, வெளியூர்ப் பிள்ளைங்களுக்கு இங்க ஹாஸ்டல் இருக்கா?"