ஆடியில் பிளக் பாயிண்ட் வீடு மாறாது

எங்கள் வீட்டுத் தோட்டத்து பிளக் பாயிண்ட், ஆடி மாதத்தில் இடம் மாற மாட்டேன் என்று சொல்லிவிட்டது.

பதினோரு வருடமாக அது பின்பக்கச் சுவரில், தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் குடியிருந்தது. அதற்கு நேர் மேலே தண்ணீர்க் குழாய். யார் இப்படி வைத்தது என்று கேட்டால், செத்துப்போன ஒரு கொத்தனார் பெயரைச் சொல்வார்கள். குழாய் சொட்டும், பிளக் பாயிண்ட் நனையும், அதில் கிரைண்டரைச் சொருகி அம்மா தெருவுக்கே இட்லி மாவு அரைப்பாள்.

ஆடி மூன்றாம் தேதி அது அம்மாவின் வலது கையைக் கடித்தது. கரண்ட் உள்ளே போனது, வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"உள்ள தங்கிருச்சு. அதுவா கிளம்பினாத்தான் உண்டு" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இன்னொரு தடவை கடித்தால் ஆள் இருக்காது என்றும் சொன்னார்கள். அதற்கு மாத்திரை எழுதவில்லை.

விரல்கள் மடங்கவில்லை. அந்தக் கையோடு அம்மா ரேடியோவைக் கடந்து போனால் ஸ்டேஷன் மாறியது.

நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மார்க் கேட்காதீர்கள். மாவு வேலை என் தலையில் விழுந்தது. என் மாவில் அவித்த இட்லியை வைத்து ஆணி அடித்ததாக எதிர்வீட்டில் சொன்னார்கள். நான் அரைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அம்மா ஈரக்கையோடு குறுக்கே வந்து வந்து நின்றாள். எனக்கு அம்மா உயிரோடு வேண்டும். மாவு அரைக்கவும் பிடிக்கவில்லை. இரண்டும் உண்மை. எது முதலில் என்பது அன்றைக்கு எத்தனை மணிக்கு எழுந்தேன் என்பதைப் பொறுத்தது.

எலக்ட்ரீஷியன் தவசிக்கனி அண்ணாச்சியைக் கூட்டிவந்தேன். அவர் சன்ஷேடுக்குக் கீழே, என் நெஞ்சு உயரத்தில், குழாய்த் தண்ணீர் எட்டாத இடமாகப் பார்த்துப் பென்சிலால் குறித்தார். மூடி போட்ட பெட்டி, கரண்ட் கசிந்தால் தானே விழும் தனி டிரிப் சுவிட்ச், எர்த் வயர். நல்ல வீடுதான்.

"ஆடியில எவனாவது வீடு மாறுவானா?" என்றது பிளக் பாயிண்ட்.

அண்ணாச்சி பையைக் கட்டினார். "அது சொல்றதும் நியாயந்தானம்மா. ஆவணி பொறக்கட்டும்."

"ஆவணிக்கு இன்னும் மூணு வாரம் கிடக்கு அண்ணாச்சி. அதுக்குள்ள எங்கம்மா போய்ட்டா?" என்றேன்.

அம்மா பக்கத்தில்தான் நின்றாள். "ஏட்டி, வாயக் கழுவு" என்றாள்.

நான் பிளக் பாயிண்டிடம் குனிந்து கேட்டேன். "வீடுதான மாறக் கூடாது? தாய்வீட்டுக்குப் போகலாம்லா? ஆடிக்குப் புதுப்பொண்ணெல்லாம் போறாளே."

"முறையாக் கூப்பிட்டாப் போவேன்" என்றது.

அதன் தாய்வீடு வாசல் பக்கத்து மெயின் போர்டு. மெயின் போர்டு சார்பில் அம்மா தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம் வைத்து அழைத்தாள். அண்ணாச்சி மெயினை அணைத்து, தோட்டத்து ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "எவனும் ஆர்வக்கோளாறுல திருப்பிச் சொருகிரக் கூடாது பாத்தியா." டெஸ்டரை வைத்து மூன்று தடவை பார்த்தார். விளக்கு எரியவில்லை. அதற்குப் பிறகுதான் திருகாணியைத் தொட்டார். பிளக் பாயிண்ட் தாம்பாளத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தூக்கிக்கொண்டு போனோம். ஆடி முடியும்வரை அது மெயின் போர்டுக்குக் கீழே சாய்ந்து, மூன்று கண்ணையும் மூடித் தூங்கியது. கிரைண்டர் ஓடவில்லை. தெரு முழுக்க உப்புமா தின்றார்கள். கோபம் வந்தது, உயிர் யாருக்கும் போகவில்லை.

ஆவணி முதல் தேதி காலை ஆறு மணிக்கு நல்ல நேரம். புதுப் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து முடித்தபோதுதான் நாங்கள் செய்த தப்பு தெரிந்தது. பால் காய்ச்சாமல் உள்ளே வயரை விட மாட்டேன் என்றது பிளக் பாயிண்ட். வயர் போகாமல் அந்தப் பெட்டியில் கரண்ட் அடுப்பைச் சொருகிப் பால் காய்ச்ச முடியாது.

"கேஸ்ல காய்ச்சிருவோமே" என்றேன்.

"அப்ப கேஸ்தான் குடிவந்ததா ஆகும்."

பக்கத்து வீட்டு செண்பகம் அத்தை சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "குடிவர்றவுகளுக்கு மொத வேளை பக்கத்து வீட்டுலதான குடுக்கணும். இருங்க மதினி." உள்ளே போய் ஒரு தூக்குவாளியில் அரை யூனிட் கரண்ட் கொண்டுவந்தாள்.

அண்ணாச்சி பதறிவிட்டார். "எவர்சில்வர்லயா கொண்டுவருவாவ?"

"ரப்பர் செருப்பு போட்டுத்தான் வந்திருக்கேன் அண்ணாச்சி. எனக்குத் தெரியாதா?"

கரண்டை அடுப்பில் ஊற்றினோம். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. பிளக் பாயிண்ட் புதுப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. அண்ணாச்சி வயரை விட்டு, எர்த்தை முறுக்கி, மூடியைப் பூட்டி, கடைசியாகச் சட்டைப்பையிலிருந்து ஃபியூஸை எடுத்துப் போட்டார். டிரிப் சுவிட்சை ஒரு தடவை விழவைத்துப் பார்த்தார். கிரைண்டர் ஓடியது. அம்மா இடது கையால் அரிசியை அள்ளிப் போட்டாள். எதுவும் கடிக்கவில்லை. வலது கை மட்டும் அப்படியே விறைத்து நின்றது.

தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"வெறும் பாத்திரத்தையா திருப்பிக் குடுப்ப? பிளஸ் டூல இதத்தான் படிச்சியா?" என்றாள் அம்மா.

வீட்டில் சீனி இல்லை. பாலைத் தெருப் பிள்ளைகள் குடித்துவிட்டார்கள். பழம் பிளக் பாயிண்டை அனுப்பிவைத்த மரியாதைக்கு மெயின் போர்டுக்குப் போய்விட்டது. அம்மா வாளியையே பார்த்தாள். பிறகு வலது கையை உள்ளே விட்டு உதறினாள். ஆடி மூன்றாம் தேதியிலிருந்து உள்ளே கிடந்தது மொத்தமும் வாளியின் அடியில் தொப்பென்று விழுந்தது. கால் வாளி இருந்தது. சுண்டுவிரல் முதலில் மடங்கியது, அப்புறம் மற்றவை. அம்மா மூடியை இறுக்கிவிட்டு, அந்தக் கையாலேயே என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நிக்காத. சூடு ஆறுறதுக்குள்ள குடுத்துட்டு வா."

செண்பகம் அத்தை மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "எதுக்குட்டி இதெல்லாம்" என்றாள். ஆனால் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவர்கள் வீட்டில் சட்னிக்கு மிக்ஸி போட்டார்கள். "ஏட்டி, இன்னும் என்ன ஒறக்கம், எந்திரி, அரிசி ஊறிருச்சு" என்று அம்மா குரலிலேயே அது ஓடியது.

எழுந்து போய் அரிசியைக் களைந்தேன்.