எலியோ அழித்த கோடு

செக்கோந்தோ ஊரை விட்டே போகிறான் என்பது எலியோவுக்கு வெள்ளிக்கிழமை சாயந்திரம் ரொட்டிக் கடையில்தான் தெரிந்தது. தூரினில் இருக்கும் மகள் வீட்டுக்கு, ஒரேயடியாக. மலைக்குக் கீழே இருக்கும் தன் வீட்டை மிலான்காரர் யாருக்கோ கொடுத்தாகிவிட்டதாம். சாமான் வண்டி காலையில் வருகிறதாம். ஒரு வருஷமாக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்த பேச்சுக்கு இனிமேல் நாளை இல்லை என்று எலியோவுக்குப் புரிந்தது. ரொட்டியைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டான்.

எலியோவுக்கு அறுபது வயது. லிகூரியாவில், கடலுக்கு மேலே எழும் இந்த மலைகளில், சைக்கிள் பாதை போடுவதுதான் அவன் பிழைப்பு. மண்வெட்டியும் ரம்பமுமாகக் காட்டுக்குள் போய், வளைவு வளைவாக வழி வெட்டுவான். மற்ற நேரத்தில் சைக்கிள்காரர்களை வேனில் ஏற்றி உச்சியில் இறக்கிவிடுவான். அவர்கள் உருண்டு, விழுந்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, கடற்கரையில் ஐஸ்கிரீம் கடை வாசலில் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அதில் என்ன சுகம் என்று ஊரில் பாதிப் பேருக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் எலியோ ஒரு கோடு போட்டுக் காட்டினால் ஜெர்மனியிலிருந்தெல்லாம் ஆள் வரும். காட்டுக்குள் காலை வைத்ததும் மற்றவர்கள் சிலுவை போட்டுக்கொள்வதுபோல அவன் கைக்கடிகாரத்துப் பொத்தானை அழுத்திக்கொள்வான். நடந்த வழியெல்லாம் வரைபடத்தில் ஒரு கோடாக அதில் பதிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அது தானாகவே இணையத்தில் ஏறிவிடும். அவன் கோடு எப்போது வரும் என்று நாலாயிரம் பேர் காத்திருப்பார்கள்.

அந்தப் பொத்தான்தான் குடியைக் கெடுத்தது.

இந்த ஊரில் ஒருத்தனிடம் அவன் சம்பளத்தைக் கேட்கலாம். மனைவி ஏன் கோபித்துக்கொண்டு போனாள் என்றுகூடக் கேட்கலாம். காளான் பறிக்கும் இடத்தை மட்டும் கேட்கக் கூடாது. அப்பன் மகனுக்குச் சொல்லாமலே கண்ணை மூடுவான். அமெதேயோவும் அவன் தம்பி செக்கோந்தோவும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள். அவர்களுக்குள்ளேயும் அப்படித்தான். அக்டோபர் பிறந்தால் அண்ணன் வடக்கே போவதுபோல் போக்குக் காட்டிவிட்டுத் தெற்கே இறங்குவான். தம்பியோ எதிர்மலையில் காரை நிறுத்திவிட்டு, நடந்தே திரும்பி வருவான். சாயந்திரம் இருவரும் கூடையை ஒன்றாக வைத்து, ஒருவரையொருவர் திருடன் என்று வைதுகொண்டே குடிப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அமெதேயோவுக்கு முழங்கால் போய்விட்டது. அறுவை சிகிச்சைக்கு முந்தின வாரம், தன்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த எலியோவைக் கூப்பிட்டான்.

"இனிமே என்னால அங்க போக முடியாதுடா. வருஷத்துக்கு ஒரு கூடை எனக்குக் கொண்டுவந்து குடு. மீதி உனக்கு. செக்கோந்தோகிட்ட மூச்சு விடாதே."

"உன் தம்பிக்குக் காட்டாம எனக்குக் காட்டறியே?"

"அவன் வாயில ஆலிவ் கொட்டைகூட நிக்காதுடா. நீ அப்படியில்ல. உன்னை நம்பலாம்."

கடைசித் தடவையாக அமெதேயோ நொண்டிக்கொண்டே முன்னால் நடந்து வழி காட்டினான். ஓங்கி வளர்ந்த பீச் மரக்காட்டுக்குள், சாய்ந்த பாறைக்குப் பின்னால், காய்ந்த இலைக்கு அடியில் போர்ச்சினிக் காளான்கள் குண்டு குண்டாக நின்றன. எலியோ மண்டியிட்டுப் பறித்தான். பிறகு அமெதேயோ மேலே திரும்ப, எலியோ மட்டும் காடு வழியாகவே செக்கோந்தோ வீட்டுப் பக்கம் இறங்கிப் போனான். கைக்கடிகாரம் வழியைப் பதிந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது நினைவே இல்லை.

நாலாம் நாள்தான் கண்ணில் பட்டது. அமெதேயோ வீட்டிலிருந்து காடு வழியாகக் கீழே செக்கோந்தோ வீடுவரை, சிவப்பாக ஒரு கோடு. பதறிப்போய் அழித்தான். அதற்குள் இருநூறு பேர் எடுத்து வைத்துக்கொண்டுவிட்டார்கள். யார் போட்டது என்பதுகூட மறந்துபோய், கோடு மட்டும் கை மாறிக் கை மாறிப் போனது. வசந்தம் வந்ததும் சைக்கிள்களும் வந்தன. சாய்ந்த பாறையைச் சுற்றி அவர்களுக்கு ஒரு நல்ல வளைவு கிடைத்துவிட்டது. மண் இறுகி, வேர் வெளியே வந்து, அந்த அக்டோபரில் ஒரு காளான்கூட முளைக்கவில்லை. எலியோ வெறும் கூடையோடு போய் நின்றான். கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்ற அமெதேயோவுக்கு, தன் வேலியோரமாகக் கையாட்டிவிட்டுப் போகிற சைக்கிள்காரர்களைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. விளங்கினது தப்பாக விளங்கியது.

போன நவம்பரில், புனித மார்ட்டின் திருநாள் விருந்தில், புது ஒயினும் சுட்ட செஸ்ட்நட்டுமாக ஊரே உட்கார்ந்திருக்கும்போது அமெதேயோ எழுந்து நின்றான்.

"என் பின்னால ஒளிஞ்சு வந்து, என் காட்டைக் காட்டிக் குடுத்தவன் இதே மேஜையில உக்காந்து பன்னிக்கறி தின்னுட்டிருக்கான். சைக்கிள்காரனுக்கு ரூம் வாடகைக்கு விடறவன் யாருன்னு ஊருக்கே தெரியும்."

செக்கோந்தோவுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா அண்ணே? ஒரே ஒரு வார்த்தை?"

"திருடன்கிட்ட என்னத்தக் கேக்கறது?"

திருடன் என்று முப்பது வருஷமாகச் சொன்ன அதே வார்த்தைதான். அன்று யாரும் சிரிக்கவில்லை. செக்கோந்தோ முள்கரண்டியை வைத்தான், தொப்பியை எடுத்தான், போய்விட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எலியோ வாயைத் திறந்தான். கைக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல் அமெதேயோவின் கோப்பையில் ஒயினை ஊற்றினான். அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. செக்கோந்தோவின் மனைவியை அடக்கம் செய்த அன்றுகூட அமெதேயோ இறங்கி வரவில்லை.

சனிக்கிழமை காலை எலியோ ஐந்து சைக்கிள்காரர்களை மேலே கொண்டுவந்து, தேவாலயத்துப் பக்கம் இறக்கினான். "அஞ்சு நிமிஷம் இருங்க, பாதையில இறங்காதீங்க" என்று சொல்லிவிட்டு அமெதேயோ வீட்டு வாசலுக்குப் போனான். அமெதேயோ பெஞ்சில் உட்கார்ந்து, சுடுவதற்காகச் செஸ்ட்நட் கொட்டைகளைக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தான்.

"செக்கோந்தோ போறானாமே."

"போகட்டும். அங்கயும் எவன் பின்னாலயாவது ஒளிஞ்சு போவான்."

"அவன் இல்லடா." என்றான் எலியோ. "நான். என் கடிகாரம். அன்னிக்கு உன்கூட வரும்போது அணைக்க மறந்துட்டேன். கோடு தானா ஏறிடுச்சு. வேணும்னு பண்ணலடா, சத்தியமா."

கத்தி நின்றது. அமெதேயோ கோபப்படவில்லை. அவன் முகம் லேசாகக்கூட ஆனதுபோலிருந்தது. "மறதியா? மறதின்னா மனுஷனுக்கு வர்றதுதான். அட முட்டாப்பயலே, இதைச் சொல்றதுக்கா இப்படி வேர்த்து ஊத்துது உனக்கு?"

எலியோவுக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதியில் மேலே ஒரு வார்த்தை கூடச் சொன்னான். "பாத்த உடனே அழிச்சுட்டேன்டா. நாலாம் நாளே."

"எப்போ?"

"நாலாம் நாள். அதே வாரம்."

அமெதேயோ விரல்விட்டு எண்ணுவதுபோல் கையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"அப்போ மார்ட்டின் விருந்தன்னிக்கு உனக்குத் தெரியும்."

எலியோ கீழே உருண்ட ஒரு கொட்டையைக் குனிந்து எடுத்தான்.

"நான் என் தம்பியை ஊர் முன்னால திருடன்னு சொல்றேன். நீ எனக்கு ஒயின் ஊத்தற."

"சொல்லத்தான்டா நினைச்சேன். வாய் வரல. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு…"

"அவன் பொண்டாட்டி செத்தா. நான் போகல. அன்னிக்கு நீ போனியா?"

"போனேன்."

"போயிட்டு வந்து என்கிட்ட என்ன சொன்ன? கூட்டம் நிறையன்னு சொன்ன."

அப்படித்தான் சொன்னான். எலியோவுக்கு இன்றைக்கும் அந்த வார்த்தை காதில் விழுகிறது. காடு போனதற்கு ஒரு மன்னிப்பு இருந்தது, அதை அவன் கேட்கும் முன்பே வாங்கிவிட்டான். இதற்கு என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அமெதேயோ கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"வேன்ல ஏறுடா, தம்பி வீட்டுக்கு ரோடு வழியா முக்கால் மணி நேரத்துல விட்டுடறேன்," என்றான் எலியோ.

"உன் வண்டியில நான் ஏறமாட்டேன்."

"உன் முட்டி தாங்காதுடா, கேளு."

அவன் கேட்கவில்லை. வேலிக் கதவைத் திறந்து, சைக்கிள் பாதையில் இறங்கினான். பக்கவாட்டில் ஒரு கால், கம்பு, அப்புறம் அடுத்த கால். சறுக்கினான், வேரைப் பிடித்துக்கொண்டான், மறுபடி இறங்கினான். பீச் மரங்களுக்குள் அவன் நீலச் சட்டை மறைந்தது.

எலியோ பாதை தொடங்கும் இடத்தில் போய்க் குறுக்கே நின்றான். பாறை விளிம்பிலிருந்து பார்த்தால் கீழே ஆலிவ் அடுக்குகளும், செக்கோந்தோ வீட்டு முற்றமும், அதில் ஒரு வெள்ளை வண்டியும், அதற்கப்பால் கடலும் தெரிந்தன. வண்டியின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். எலியோ போனை எடுத்தான். நம்பர் இருந்தது. சைக்கிள்காரர்களை அவன் வீட்டு ரூமில் தங்கவைக்கக் கூப்பிடுகிற நம்பர்.

"செக்கோந்தோ, கிளம்பிடாதே. உங்க அண்ணன் வரான்."

"எதுக்கு? இன்னும் ரெண்டு திட்டு பாக்கி இருக்கா?"

"காட்டைக் காட்டிக் குடுத்தது நான்தான். இப்பத்தான் அவன்கிட்ட சொன்னேன்."

திட்டுவான் என்று எலியோ காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"எப்படி வரான்?" என்றான் செக்கோந்தோ.

"நடந்து. பாதை வழியா."

"அந்த முட்டியை வெச்சுக்கிட்டா? பைத்தியக்காரன், விழுந்து தொலைக்கப்போறான்!" இணைப்பு அறுந்தது. கீழே முற்றத்தில் ஒரு சின்ன உருவம் கல்சுவரைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கியது.

சைக்கிள்காரர்கள் பொறுமையிழந்தார்கள். பொலோஞாக்காரப் பெண் ஒருத்தி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். "அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்களே. எப்போ விடுவீங்க?"

"ஒரு மணி நேரம் ஆகும். பாதையில ஆள் நடந்து போறாங்க."

அமெதேயோ வெகுநேரம் காட்டை விட்டு வெளியே வரவில்லை. சாய்ந்த பாறைக்குப் பக்கத்தில் நிற்கிறான் என்பது எலியோவுக்குத் தெரிந்தது. எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்பதும் தெரிந்தது. அப்புறம், காடு முடிந்து ஆலிவ் அடுக்கு தொடங்கும் இடத்தில், நீலச் சட்டை தென்பட்டது. கீழேயிருந்து வந்த உருவம் அதன் முன்னால் நின்றது. என்ன பேசினார்களோ. கொஞ்ச நேரம் கழித்து நீலச் சட்டை உட்கார்ந்தது, மற்றதும் பக்கத்தில் உட்கார்ந்தது. செக்கோந்தோ அண்ணனின் முட்டியைப் பிடித்துப் பார்ப்பதுபோலிருந்தது. இரண்டு பேரில் ஒருவர்கூட மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணும் எட்டிப் பார்த்தாள். "யாரு அவங்க?"

"அண்ணன் தம்பி."

"உங்க சொந்தக்காரங்களா?"

"இல்ல," என்றான் எலியோ. "நான் பாதை போடறவன்."

கையிலிருந்த கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதை அப்போதுதான் பார்த்தான். காலையில் வழக்கம்போல அழுத்தியிருக்கிறான். அதை அணைத்து, கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பாதைக்குக் குறுக்கே அப்படியே நின்றான்.