விரிசல்களின் படங்கள்

நகராட்சி அலுவலகத்தில், வரி மதிப்பீட்டாளர் வெண்டலின் மேசைமேல் ஜோர்ஜெட் புகைப்படங்களைப் பரப்பி வைத்தாள். அடித்தளச் சுவரில் விரிசல். ஒரு பக்கமாகச் சாய்ந்த பின்கட்டுப் படிகள். நிலவறையில் தேங்கிய தண்ணீர். அது மட்டும் பழைய ஆல்பத்திலிருந்து உருவியது. மற்றவையெல்லாம் மூன்று நாட்களாக வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து எடுத்தவை. அவள் கணவர் ஆர்மண்ட், காகித ஆலையில் வேலை முடிந்து வந்த நேரங்களில், நான்கு கோடைக்காலம் எடுத்துக்கொண்டு தன் கையாலேயே கட்டிய வீடு அது. அதில் இத்தனை குறை இருக்குமென்று வரிச்சீட்டு வரும்வரை அவளுக்கே தெரியாது. போன வருட வரியைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதைச் செலுத்தினால் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எண்ணெய் வாங்க முடியாது.

ஆர்மண்ட் பக்கத்து நாற்காலியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கெஞ்சியதால் வந்தவர்.

“இந்த வீட்டுக்கா இவ்வளவு? நீயே பாரு வெண்டல். வாங்க வர்றவன் வாசலோட திரும்பிப் போயிடுவான்,” என்றாள் ஜோர்ஜெட்.

வெண்டல் அவள் தம்பியோடு படித்தவன். ஒவ்வொரு படத்தையும் பொறுமையாக எடுத்துப் பார்த்தான். தண்ணீர்ப் படத்தில் நிறுத்தி, ஆர்மண்டிடம் கேட்டான்.

“வருஷா வருஷம் இப்படித்தான் நிக்குதா?”

ஜோர்ஜெட் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். விருந்துக்கு வந்தவர்கள் ஒரு கதவு இறுக்கமாக இருக்கிறதென்று சொன்னாலே அன்று முழுக்கப் பேசாமல் இருக்கும் மனிதர் அவர்.

ஆர்மண்ட் தொப்பியின் விளிம்பைத் தடவினார். “ஆமா,” என்றார். “நான் சரியாக் கட்டல. அப்ப எனக்கு வேலை தெரியாது.”

படங்களையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாமா என்றிருந்தது அவளுக்கு.

வெண்டல் தொண்டையைச் செருமினான். “வீட்டுல ஒண்ணுமில்லீங்க. உங்க வீட்டு மதிப்பு ஒரு டாலர்கூட ஏறல.”

“அப்புறம் வரி எப்படி ஏறிச்சு?” என்றாள் ஜோர்ஜெட்.

“ஆலை மூடிட்டாங்கல்ல. ஊர் வரியில கால்வாசிய அதுதான் கட்டிக்கிட்டிருந்துச்சு. இப்ப அது வெறும் கொட்டகை. ஆனா ஸ்கூல் நடக்கணும், தீயணைப்பு வண்டி ஓடணும். செலவு குறையல. ஆலையோட பங்க மிச்சமிருக்கிற வீடுங்க மேலதான் பிரிச்சுப் போட்டாகணும். என் வீட்டுக்கும் இதே கதிதான்.”

“மேல எழுதிப் போட்டா?”

“மதிப்பு தப்பா இருந்தா போடலாம். மதிப்பு சரியாத்தான் இருக்கு.”

யார்மேலாவது கோபப்பட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. யாரும் அகப்படவில்லை. வசந்தத்தில் நடந்த ஊர்க்கூட்டத்தில், பள்ளிச் செலவுக்கு அவளும்தான் கை தூக்கியிருந்தாள். வெண்டல் படங்களை ஓரம் தட்டி அடுக்கி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தியபோது பனி விழ ஆரம்பித்திருந்தது. இருவரும் இறங்கவில்லை.

“அந்த ஒரு வருஷம்தான் தண்ணி வந்துச்சு,” என்றார் ஆர்மண்ட். “ஆறு பொங்கினப்ப.”

“தெரியும்.”

“மத்தவங்க வீட்டுல இடுப்பளவு நின்னுச்சு. நமக்குக் கணுக்கால் அளவுதான்.”

“எனக்குத் தெரியும், ஆர்மண்ட்.”

அவர் என்ஜினை அணைத்தார். முன்கண்ணாடியில் பனி மெல்லப் படிந்தது. கூரை மறைந்தது, பிறகு மாடி ஜன்னல்கள். அவர் துடைப்பானைப் போடவில்லை. அவளும் போடச் சொல்லவில்லை. வீட்டு முன்கதவின் பச்சை நிறம் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்துகொண்டிருந்தது.