குருத்தோலைச் சிலுவை

கேரலுக்கு எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அதுதான் வினையாகப் போனது. விபூதிப் புதனன்று நெற்றியில் பூச எரித்துச் சாம்பல் எடுக்க, போன வருஷத்துக் குருத்தோலை ஞாயிறு ஓலைகளைக் கோயிலில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அல்சூரில் அவர்கள் வீட்டில் வருஷா வருஷம் அதைச் செய்தவர் அப்பா பெர்னார்ட். இப்போது அவர் இல்லை, நாம்தான் செய்யணும் என்று ஞாயிறு காலையில் கிளம்பிவிட்டாள் மகராசி. கதவு நிலை, அலமாரி, சுவாமி படம் என்று ஒன்று விடாமல் உருவிக் கொண்டுபோய்க் கோயில் பெட்டியில் போட்டாள்.

சாயங்காலம் செபமாலை சொல்ல உட்கார்ந்தபோதுதான் படத்துக்கு மேலே வெறும் ஆணி கண்ணில் பட்டது. அப்பா கடைசியாகப் பின்னிய ஓலைச் சிலுவை அங்கேதான் தொங்கியது. அதைப் பின்னி மூன்றாம் வாரம் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைத்தேன்! விடிந்ததும் கோயிலுக்கு ஓடினாள்.

"நேத்தே எரிச்சாச்சும்மா" என்றார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை.

அம்மா பெர்னதெத்துக்குக் கண்புரை. ஆணி வரைக்கும் பார்வை எட்டாது. சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள் கேரல், சோறு போடட்டுமா என்று அம்மா கேட்பாள், அதோடு சரி. இப்படியே இரண்டு நாள் போனது.

புதன் காலைப் பூசையில் இருவரும் நெற்றியில் சாம்பல் வாங்கி வந்தார்கள். ஒன்பது மணிக்குக் கேரலுக்கு ஆபீஸ் மீட்டிங், வீடியோவில். யாராவது என்ன அழுக்கு என்று கேட்டு வைப்பார்களே என்று டிஷ்யூவால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

மீட்டிங் முடிந்து அடுக்களைக்கு வந்தாள். ஒருசந்தி நோன்புக்காக அம்மா கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் சாம்பல் அப்படியே இருந்தது. கேரலுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அம்மா, ஓலையோட ஓலையா அப்பா செஞ்ச சிலுவையையும் கொடுத்துட்டேன்மா. எரிச்சிட்டாங்க."

பெர்னதெத் அடுப்பை அணைத்தாள். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது கேரலுக்கு. அம்மாவின் கை தன் நெற்றிக்குப் போய், தொடாமல் நின்றது.

"அப்போ உங்கப்பா செஞ்சது இதுலதான் இருக்கு" என்றாள். பிறகு மகளின் முகத்தை இழுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"உன்னுது எங்கடி?"

துடைத்த டிஷ்யூவைக் காலையிலேயே குப்பை வண்டியில் போட்டாயிற்று.

அம்மா தன் நெற்றியில் கட்டைவிரலை அழுத்தி எடுத்து, மகளின் நெற்றியில் சிலுவை போட்டாள்.

"இதையும் துடைச்சிடாதடி" என்று கெஞ்சினாள்.