லாயத்துப் பையனின் குரல்

மருந்துக்கடையில் நிற்கிறாளே தவிர, அவள் மனசு கடையில் நிற்பதில்லை. மாத்திரை எடுத்துக் கொடுத்த கை அடுத்த நொடியே செல்போனைத் துழாவும். பழைய படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம் என்று சேர்த்து வைத்திருக்கும் இணையதளம் ஒன்றைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. தேடியதெல்லாம் கௌபாய் படங்கள். எவன் எவனைச் சுட்டால் அவளுக்கென்ன? அவளுக்கு வேண்டியது அம்மாவின் குரல்.

தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அம்மாவுக்குப் பேச்சில்லை. கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவாள். அந்தக் குரலைப் பதிவு செய்து வைப்போம் என்று வீட்டில் ஒருத்தருக்காவது தோன்றியதா? இப்போது அது மகளின் நினைவிலிருந்தே நழுவிக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு முன் அம்மா டப்பிங் பேசியவள். "கௌபாய் படத்துல ஹீரோயினுக்கே உங்கம்மாதான் குரல்!" என்று அப்பா சாகிறவரை பீற்றிக்கொண்டார். படத்தின் பேரைக் கேட்டால் மட்டும் தலையைச் சொறிவார். அம்மாவைக் கேட்டாலோ, விடு என்பதுபோல் கையை வீசிவிட்டுப் போய்விடுவாள்.

தமிழில் கிடைத்தவை விரல்விட்டு எண்ணுமளவுதான். ஹீரோயின் வரும் இடத்துக்கு ஓட்டுவாள், இரண்டு வசனம் கேட்பாள். "ச்சே, இதுவும் இல்ல!" என்று மூடிவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதே கதைதான். துணி துவைத்துக்கொண்டே ஒரு படத்தைப் போட்டாள். ஹீரோயின் வந்தாள், பேசினாள். அம்மா இல்லை. மூடலாமென்றால் கையெல்லாம் சோப்பு நுரை. சனியன், ஓடித் தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

குதிரை லாயத்தில் ஹீரோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அழுக்குச் சட்டைப் பொடியன் ஒருவன் ஓடி வந்து அவனை உலுக்கினான்.

"எந்திரிங்க துரை! சூரியன் மூக்கு மேல வந்து உக்காந்தாச்சு!"

அவள் கையிலிருந்த துணி நழுவி வாளியில் விழுந்தது. பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அவளை எழுப்பிய வார்த்தை அது. அதே குறும்பு, அதே கீச்சுக்குரல். அம்மா சொந்தமாகக் கட்டிய விளையாட்டு என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்! சின்னப் பையன்களுக்குப் பெண்கள்தான் பெரும்பாலும் குரல் கொடுப்பார்கள் என்பது டப்பிங் தொழிலில் பால பாடம். மருந்துக்கடைக்காரிக்கு அது எங்கே தெரியும்?

திரும்பினாள். வாசற்படியில் அம்மா நின்றிருந்தாள், திருட்டுத்தனம் பிடிபட்ட குழந்தையைப் போல.

"அப்பா ஹீரோயின்னுல்ல சொன்னாரு?"

அம்மா இடுப்பளவுக்குக் கையைக் காட்டினாள். இத்தனூண்டு பையன்தான்டீ என்றது அந்தக் கை. அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார், மறுத்துப் பேச அம்மாவுக்கு வெட்கம்.

"அடி அம்மா! எனக்கு ஹீரோயின் எதுக்கு?" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "கை ஈரமா இருக்கு. நீயே பின்னால தள்ளு. இன்னொரு தடவை."

அம்மா செல்போனை எடுத்துக் காட்சியைப் பின்னுக்குத் தள்ளினாள். பொடியன் மறுபடி ஓடி வந்தான். அவன் வாயைத் திறந்தபோது அம்மாவின் உதடுகளும், ஒரு சொல் பிசகாமல், சத்தமின்றி அசைந்தன.