ஒளியின் முறுக்கு

எபனேசரின் வலது காலுக்குச் சாக்ஸ் மாட்டுவதற்குள் ஜாய்ஸுக்கு வேர்த்துவிட்டது. விறைத்த பாதம் வளைந்து கொடுக்கவில்லை. நேற்றுக் காலையில் வீரபாண்டி பக்கம் லாரி மோதி, முப்பத்தோரு வயதில் அவள் தம்பி செத்துப்போனான். பழனிசெட்டிபட்டியில் அந்தச் சின்ன வீடு கொள்ளாத கூட்டம்.

மலர்வளையத்தோடு பேராசிரியர் ஞானதுரை வந்தார். எபனேசர் ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தது அவரிடம்தான். அம்மா அன்னத்தாய் அழுகையை நிறுத்தி, முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்த மனிதருக்கு அப்படி ஒரு மரியாதை.

லேசர் ஒளியைத் திருகாணி மாதிரி முறுக்கி அனுப்பினால், சுவரில் விழும் வெளிச்சம் உளுந்த வடை போல நடுவில் மட்டும் இருட்டாக இருக்குமாம். அந்த வட்டத்தில் ஒளி எங்கெங்கே எந்தத் திசையில் அதிர்கிறது என்று சின்னச் சின்னக் கோடுகளாக ஒரு நோட்டு முழுக்க வரைந்திருந்தான் எபனேசர். கோடுகள் விழும் விதத்தை வைத்தே எத்தனை முறுக்கு என்று சொல்லிவிடலாம். அது அவன் கண்டுபிடித்தது. போன வாரம்தான் அக்காவிடம் சொல்லிப் புலம்பினான்.

"கட்டுரைல எம்பேர எடுத்துட்டு அவரு மகன் பேரப் போடப் பாக்குறாருக்கா. நோட்டு நம்மகிட்ட இருக்குற வரைக்கும் ஒண்ணும் செய்ய முடியாது."

ஞானதுரை ஜாய்ஸ் பக்கம் குனிந்தார். "அந்த நோட்டு இங்கதானம்மா இருக்கும்?"

"கட்டுரைல அவன் பேரு வருமா சார்?"

"கடைசியில நன்றின்னு ஒரு வரி போட்டுருவோம்."

வெட்கங்கெட்ட மனுஷன். சவப்பெட்டியை இன்னும் மூடக்கூட இல்லை.

"நோட்டு இங்கன இல்ல சார்."

அது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. "ஏன்டி இல்லங்குற? என் சேலப் பெட்டியிலதான வச்சிருக்கான்." ஜாய்ஸ் எழுந்திருப்பதற்குள் அவளே போய் எடுத்துவந்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். பிறகு பக்கத்திலிருந்த பெண்களைப் பார்த்துச் சொன்னாள்.

"எம்புள்ள எழுதுனதத் தேடி எம்புட்டுப் பெரிய சாரு வந்திருக்காக பாத்தீகளா."

நேற்றிலிருந்து அம்மாவின் முகம் தெளிந்தது அந்த ஒரு கணம்தான். ஜாய்ஸுக்கு உண்மை வாய்வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள்.

வெளியே தூறல் போட்டது.

"ஜாய்ஸு, சாருக்கு ஒரு கவரு எடுத்துக் குடும்மா. நோட்டு நனஞ்சிரும்."

ஜவுளிக்கடைக் கவர் ஒன்றை எடுத்துவந்து அதன் வாயை விரித்துப் பிடித்தாள். அவர் நோட்டை உள்ளே போட்டார். தண்ணீர் இறங்காதபடி இரண்டு மடிப்பு மடித்து, அவர் கையில் கொடுத்தாள்.